ஓதம்

ஒழுகுகிற இடத்தில் ஓட்டை இருப்பதில்லை. கூரை வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரிய அறுபது வயதாயிற்று. சொட்டு விழுவது எங்கள் கூடத்தின் நடுவில். கொத்தனார் அண்ணாந்து ஒரு முறை பார்க்கிறார். பிறகு மாடிப்படி ஏறிப் போய், அந்த இடத்துக்கு நேர் மேலே நிற்காமல், பன்னிரண்டு பதினைந்து அடி தள்ளிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில் குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். தண்ணீர் அங்கே நுழைந்து, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே தனக்குத் தோதான வழி பார்த்து நடந்து, ஒரு கட்டையின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இனிப் போக வழியில்லை என்ற இடத்தில் சொட்டாகிறது. நாம் அதற்கு நேர் கீழே ஒரு குண்டானை வைக்கிறோம். நேர் மேலே சிமெண்டைக் குழைத்து அப்புகிறோம்.

இதுபோன்ற பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு எதைப் பற்றிச் சொன்னாலும் இலக்கியத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. எனக்கும் உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு வீட்டுக் கூரையைப் பற்றியது. மற்றது வந்து சேர்ந்தால் அது கூரை வழியாக வந்ததாக இருக்கட்டும்.

வீடு நாகப்பட்டினத்தில், வெளிப்பாளையத்தில் இருக்கிறது. கிழக்கே நடக்கிற தூரத்தில் கடல். வீட்டில் இரண்டு விதமான கூரை. முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமும் சமையல்கட்டும் சீமை ஓடு. கூடமும் அதையொட்டிய அறையும் தளம். தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சுவரிலிருந்து சுவருக்குப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைக்கு மூலை சாய்வாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போய், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம். எஞ்சினியர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல், செங்கல் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும்படி போடப்படுவது இதன் விசேஷம்.

எங்கள் பெரியப்பா இந்த வீடு 1865-இல் கட்டப்பட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஆதாரம் ஓட்டின் அடிப்புறம். பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று ஆங்கிலத்தில் அச்சு விழுந்திருக்கும். அது தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அந்த மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரையில், அந்தப் பக்கத்துக் களிமண்ணைக் கொண்டு ஓட்டுத் தொழிற்சாலையை ஆரம்பித்தது அந்த வருஷத்தில்தான். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்த வகை ஓட்டுக்கு அதற்கும் முன்பே, 1841-இல், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வீட்டுப் பத்திரத்தில் இருப்பது 1911. பெரியப்பா பத்திரத்தை நம்பவில்லை. ஓடுதான் வீடு, பத்திரம் வெறும் காகிதம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

ஓட்டுக் கூரையில் பெரும்பாலும் எதுவும் எதனோடும் இணைக்கப்பட்டிருப்பதில்லை. ஓட்டின் அடியில் இருக்கும் மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி அதன் பாரமே அதற்குப் பிடிமானம். நேராகப் பெய்கிற மழைக்கு இது போதும். எங்கள் ஊரில் மழை நேராகப் பெய்வதில்லை. ஐப்பசி கார்த்திகையில் கொண்டல் அடித்தால் மழை படுக்கைவாட்டில் வந்து, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் கீழிருந்து மேலாக ஏறும். அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில் ஓடு மாற்ற ஆள் வருவார். கிணற்றடியில் அடுக்கியிருக்கும் பழைய ஓடுகளில் நல்லதாகப் பார்த்துத் தட்டுவார். கணீர் என்றால் மேலே போகும். மொத்தென்றால் ஒதுக்கிவிடுவார். கூரை முழுவதையும் அவர் பிரிப்பதில்லை. நகர்ந்ததை நகர்த்தி, உடைந்ததை எடுத்து, மோட்டில் பெயர்ந்த காரையைப் பூசிவிட்டு ஒன்றரை நாளில் போய்விடுவார். பழுது பார்ப்பது என்பது எங்கள் வீட்டில் ஒரு சம்பவமாக இருக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல அது வருஷத்தில் ஒரு நாள்.

1977 நவம்பர் 12-ஆம் தேதி புயலில் அந்த ஒன்றரை நாள் வேலை ஒன்றரை மாதமாயிற்று. எனக்குப் பதினான்கு வயது. இரவு முழுக்க ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போகும் சத்தம். முற்றத்தில் விழுந்தவை உடைந்தன. மற்றவை எங்கே போயின என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. தெருக்கோடியில் கீற்று வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். முப்பது பேர் இருக்கும். அந்தத் தளத்தின் கீழே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அது அசையவில்லை. ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. அப்பா குண்டானை வைத்துவிட்டு, "நாம இருக்கோமான்னு பாக்குது" என்றார். அத்தனை பயத்திலும் யாரோ சிரித்தார்கள்.

அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவர். பேச்சு குறைவு. இந்தக் கட்டுரைக்கு அவரைப் பற்றி இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

ஓதம் என்ற சொல்லுக்கு அகராதியில் கடல், அலை, ஈரம் என்றெல்லாம் பொருள் இருக்கும். புலவர்களுக்கு அது கடல். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சுவர். "சுவத்துல ஓதம் ஏறுது" என்பாள் அம்மா. இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதைக் கல்லூரியில் படிக்கும்போது சொல்விளையாட்டாக ரசித்திருக்கிறேன். அது விளையாட்டில்லை. வீட்டுக்குள் இருப்பது அந்தக் கடல்தான். காற்றோடு வருகிற உப்பு சுவரிலும் தளத்திலும் மரத்திலும் படிகிறது. காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கார்த்திகையில் உப்புச் சாடியில் அடியில் நீர் நிற்பது இதனால்தான். சுவருக்குள்ளும் அதே சாடி இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு கரைந்து காரையின் நுண்ணிய துளைகளுக்குள் போகிறது. தை மாசியில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் மட்டும் வெளியேறி, உள்ளே உப்பு மறுபடியும் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுவர் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோம். அழகான வினைச்சொல்தான். பூத்ததைத் துடைப்பத்தால் பெருக்கி முறத்தில் அள்ளிக் கொட்ட வேண்டும்.

என்னிடம் உள்ள சிறுபத்திரிகைகளுக்கும் இதே கதிதான். நாற்பது வருஷமாகச் சேர்த்தவை. ஓதத்தில் காகிதம் பழுத்தது ஒரு பக்கம். அதைவிட மோசம் நடுவில் அடித்திருக்கும் கம்பி. பின் துருப்பிடித்து, துரு காகிதத்தைத் தின்று, இதழைத் திறந்தால் நடுப்பக்கம் தனியாகக் கையோடு வருகிறது. பின் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் இரண்டு துளைகள். பிடித்து வைத்திருந்ததே அறுத்தும் விட்டது. நூலால் தைத்த பழைய புத்தகங்கள் செல்லரித்தும்கூடப் புத்தகமாகவே இருக்கின்றன.

இந்தப் பின்களைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது என் காரியத்தைச் சொல்கிறேன்.

1990 மழையில் கூடத்துத் தளம் ஐந்தாறு இடங்களில் ஒழுகியது. அப்பா எனக்குக் கடிதம் எழுதினார். எந்தெந்த இடம், என்ன தேதி, எத்தனை மணி நேரம் என்று ஒரு பட்டியலோடு. நான் அப்போது திருச்சியில் ஒரு வங்கியில் இருந்தேன். அடுத்த வருஷம் மாசியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பழக்கமான வயதான கொத்தனார் தளத்தில் ஏறிப் பார்த்தார். தட்டோட்டைப் பெயர்த்து, ஜல்லி இளகிய இடங்களைத் தோண்டி, சுண்ணாம்பு நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து அடித்து, மறுபடி தட்டோடு பதிக்க வேண்டும். நாற்பது நாளாகும் என்றார். எனக்கு இருந்தது பத்து நாள். சிமெண்டில் தண்ணீர் புகாத மருந்தைக் கலந்து தளம் முழுக்க ஒரு அங்குலத்துக்குப் பூசிவிட்டால் என்ன என்று கேட்டேன். நாலு நாளில் முடிந்துவிடும்.

"தம்பி, சுண்ணாம்பு குடிக்கும், விட்டுடும். சிமிட்டி மூடும், விடாது" என்றார் கொத்தனார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த வயதில் எனக்குப் பழையதின் மேல் ஒரு தீர்மானமான எரிச்சல் இருந்தது. பழமொழி மாதிரிப் பேசுகிற எவரையும் நான் நம்புவதில்லை. மரபு என்பது யோசிக்காமல் இருப்பதற்கு ஒரு சௌகரியம் என்று அந்த மாதம்தான் ஒரு கட்டுரை எழுதி அச்சாகியிருந்தது. அப்பாவைப் பார்த்தேன். "உன் இஷ்டம்" என்றார். கொத்தனார் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஆள் வந்தார். நாலு நாளில் முடிந்தது. தளம் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக, ஒரு மேஜைபோல இருந்தது.

அதன் பிறகு ஒழுகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து, கூடத்தின் நடுவே நின்று, "பாத்தீங்களா, ஒரு சொட்டு இல்லை" என்பேன். "ஆமா, ஒழுகலை" என்பார் அப்பா. 2003 சித்திரையில் அவர் இறந்தபோது அவரைக் கிடத்தியிருந்ததும் அந்தக் கூடத்தில்தான், ஒழுகாத அந்தத் தளத்தின் கீழ்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஓடுகள் மறுபடியும் கிளம்பிப் போயின. அவற்றைச் சரிசெய்ய வந்தவர், ஏணியில் நின்றபடி, கூடத்துச் சுவரில் கட்டை போய்ச் செருகும் இடத்தைக் காட்டினார். அடியில் பொடி உதிர்ந்திருந்தது. "ஏறி வந்து பாருங்க சார்" என்றார். ஏறினேன். தேக்கு. நூறு வருஷத்துத் தேக்கு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளினேன், ஊறிப்போன ரொட்டி மாதிரி வந்தது. நடுக்கட்டை இரும்பாக இருந்தது. சுவருக்குள் போன முனை மட்டும் இல்லை.

நடந்தது சுலபமாகப் புரியக்கூடியதுதான். சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுந்திருக்கின்றன. அவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே போக முடியும். கீழே இருப்பது சுண்ணாம்பு, அது குடித்துவிட்டது. முன்பெல்லாம் குடித்ததை வெயிலில் மேற்பரப்பு முழுவதும் வெளியே விட்டுவிடும். இப்போது மேலே மூடி. அதனால் ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து, சுவரில் இறங்கி, காற்றுப் படாத இடத்தில், கட்டையின் முனையைச் சுற்றித் தங்கிவிட்டது. இருபத்தேழு வருஷம். ஒழுகின காலத்தில் அந்தக் கூரை எங்களிடம் பேசிக்கொண்டிருந்தது. நான் நாலு நாளில் அதன் வாயை அடைத்துவிட்டு, ஊமையானதை ஆரோக்கியம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தேன். கட்டைக்குப் பக்கத்தில் செங்கல் அடிப்புறத்தில் ஒரு விரிசல், சுவரிலிருந்து கூடத்தின் நடுவை நோக்கி ஓடியிருந்தது. அதையொட்டிக் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் குறுக்கே ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் 14-12-93. நாலு விரல் தள்ளி இன்னொரு கோடு, 2-1-95. அப்படி ஏழு கோடுகள். கடைசியில் 11-1-03. விரிசல் அந்தந்த வருஷம் எங்கே முடிந்ததோ அங்கே கோடு. குமாஸ்தா எழுத்து. கடைசிக் கோட்டை அவர் போட்டபோது அவருக்கு எழுபத்திரண்டு வயது. அந்த ஏணியில் ஏறித்தான் போட்டிருக்க வேண்டும்.

பத்து வருஷம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஆமா, ஒழுகலை" என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் விட்டதா, அல்லது சொல்லிப் பயனில்லாதவன் என்று முடிவுகட்டியதா? இரண்டுக்கும் ஒரே மௌனம்தான் இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். "அவர் எதைத்தான் சொன்னார்" என்றாள். முப்பது வருஷமாகப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவன் நான். நண்பர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துவிட்டு, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தெரிந்தும், நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை அன்பினால், எத்தனை அலட்சியத்தினால் என்று என்னைக் கேட்டால் எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

உடனே செய்ய முடிந்தது முட்டுக் கொடுப்பது. கூடத்தில் பதினொரு சவுக்குக் கம்பங்கள். அம்மா பக்கத்து அறைக்குப் போக மறுத்துவிட்டாள். "சவுக்குத் தோப்புல கட்டில் போட்டிருக்கேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பங்கள் ஆறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றன. காரணம் நானும் தம்பியும்.

தம்பி சென்னையில் இருக்கிறான். இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டலாம் என்பது அவன் கட்சி. அவனை முட்டாளாக்கிவிட்டு இந்தக் கட்டுரையை நகர்த்துவது சுலபம். ஆனால் அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கே? புரட்டாசிக்குப் புரட்டாசி ஓடு மாற்ற வருகிறவருக்கு அடுத்து யார்? அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டில் யார்? பழுது பார்ப்பதையே ஒரு வாழ்க்கை முறையாக வைத்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, அதை நம்பி நிற்கிற வீட்டை வைத்துக்கொள்வது என்ன தர்க்கம்?

இதற்குப் பதிலாக நான் சொன்னது துருவைப் பற்றி. புதுக் காங்கிரீட்டின் காரத்தன்மையில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய கவசம் உண்டாகி, துரு பிடிக்காமல் இருக்கிறது. கடலோரத்தில் உப்பு மெல்ல உள்ளே போய் அந்தக் கவசத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கிடைக்காதபோது கீழ்ப்புறக் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பத்திரிகையின் நடுவில் அடித்த அதே பின்தான், தளத்துக்குள் ஆயிரக்கணக்கில். கடலோரக் காற்றுக்குத் திறந்திருக்கும் கட்டிடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சொல்லியிருக்கிறது. நான் பார்த்த வீட்டுத் தளங்களில் கம்பிக்கு அடியில் வைப்பது ஒரு கருங்கல் சில்லு, அரை அங்குலம் இருந்தால் அதிகம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை வாழ்நாள் முழுவதும் சாயம் பூசிப் பூசித்தான் காப்பாற்ற முடிந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப்பாலம் வந்தது. அந்தப் பாலத்துக்குச் சாயம் பூச ஆட்கள் இருந்தார்கள். வீட்டுத் தளத்துக்குள் இருக்கும் கம்பிக்கு யார் பூசுவது?

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் கீற்று வீடுகள் இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. யாரும் கீற்றுக்குத் திரும்ப விரும்ப மாட்டார்கள், விரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. தீக்கும் புயலுக்கும் பயந்து உறங்கியவர்கள் அவர்கள். ஆனால் இருபது வருஷத்துக்குள் அவற்றில் பல வீடுகளின் தளம் அடிப்புறம் பெயர்ந்து கம்பி தெரிந்தது. கீற்று மக்கினால் வீட்டுக்காரரே புதுக் கீற்று வாங்கி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு பகலில் மேய்ந்துவிடுவார். பெயர்ந்த தளத்தை அவரால் என்ன செய்ய முடியும்? அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டிலை நகர்த்திப் போடத்தான் முடியும். நல்ல கூரை, கெட்ட கூரை என்பதைவிட, யார் கையால் பழுது பார்க்க முடிகிற கூரை என்ற கேள்வி எனக்கு முக்கியமாகத் தோன்றியது அப்போதுதான்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, நீ வீட்டைக் காப்பாத்தப் பாக்கறியா, அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கப் பாக்கறியா?" என்றான்.

பென்சில் கோடுகளைப் பற்றி நான் அவனிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

கடைசியில் பணத்தைவிட அம்மாவின் பிடிவாதம்தான் முடிவு செய்தது. அவள் இருக்கும்வரை இடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். 2025 மாசியில் வேலை ஆரம்பித்தது. கொத்தனார் காரைக்குடிப் பக்கத்துக்காரர், செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். தளத்தில் ஏறினதும் என் சாம்பல் நிற மேஜையைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார். "நனைஞ்ச சட்டையைக் கழட்டாம போட்டு வச்சிருக்கீங்க சார்" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

சிமெண்டைக் கொத்தி எடுக்கவே ஒன்பது நாள். இயந்திரம் வைத்தால் கீழே செங்கல் உதிரும் என்று உளியாலேயே எடுத்தார்கள். பெயர்ந்த இடத்திலிருந்து, பூட்டிக் கிடந்த நெற்குதிரைத் திறந்ததுபோல ஒரு வாடை வந்தது. பத்து நாள் அப்படியே வெயிலில் விட்டுவிட்டார். நான் அவசரப்பட்டேன். "அது மூச்சு விடட்டும்" என்றார். பதினான்கு கட்டைகளில் ஐந்தின் முனைகள் போயிருந்தன. மக்கியதை அறுத்து எறிந்துவிட்டு, பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கை இரு பக்கமும் துணையாகச் சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் முடுக்கினார்கள். சுவருக்குள் போகும் முனைக்கு அடியில் ஒரு கருங்கல் வைத்து, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டார். அங்கே இறுக்கமாகப் பூசிவிடலாமே என்று பெரியாள் ஒருவர் கேட்டார். இறுக்கினதால்தானே இந்த வேலை வந்தது என்றார் கொத்தனார்.

பிரித்த பகுதியில் செங்கல்லை மறுபடி ஒட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்புச் சாந்தைத் தடவிக் குத்துவாட்டில் வைத்து, கையால் ஒரு அழுத்து அழுத்தி, எண்ணுகிறமாதிரிச் சற்றுப் பொறுத்துக் கையை எடுக்கிறார். அது அந்தரத்தில் நிற்கிறது. மேலே ஜல்லி கொட்டி நாலு சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் அடித்தார்கள். ஊறின கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் புளிப்பும் கலந்த வாடை தெரு முழுக்க இருந்தது. முன்பு இதற்கு இருபது பேர் உட்காருவார்களாம்.

சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே வாங்கித்தான். கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியபோது எது வெளியே போயிற்றோ அதையே மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இதற்கு மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். அதே வாயு காங்கிரீட்டுக்குள் புகுந்தால் அதன் காரத்தைக் குறைத்து, கம்பியின் கவசத்தை நீக்குகிறது. ஒரே காற்று ஒன்றை வளர்க்கிறது, இன்னொன்றை அவிழ்க்கிறது. இதை வைத்துச் சிமெண்ட் கெட்டது, சுண்ணாம்பு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பும் கைவிட்டால் போய்விடும். 1990-இல் ஒழுகியது சுண்ணாம்புத் தளம்தானே. என் பிழை சிமெண்டில் இல்லை. ஒரு முறை செய்துவிட்டு இனி இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று நான் விரும்பியதில் இருந்தது.

செலவு காங்கிரீட்டைவிடக் குறையவில்லை. சித்திரை தொடக்கத்தில் சவுக்குக் கம்பங்களை எடுத்தோம். கூடம் பெரிதாகிவிட்டதாக அம்மா சொன்னாள். கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னதுபோல இருந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு இரவு யாரும் எதிர்பார்க்காத மழை. விளக்கைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து, மேற்குச் சுவரிலிருந்து மூன்றாவது கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு. பிறகு நிதானமாக இன்னொன்று. கொத்தனாருக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். "ஒழுகட்டும் சார், புதுசுதானே. எங்கனன்னு மட்டும் பாத்து வையுங்க, வாரேன்" என்றார்.

அம்மா எழுந்து வந்து குண்டானை வைத்தாள். நான் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தேன். எண்பத்தேழு வயதில் அவளைப் பிடிக்கச் சொல்ல முடியாது, ஆனாலும் வந்து பிடித்துக்கொண்டாள். ஏறி, கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். அப்பாவின் கோடுகள் இருந்த கட்டை ஐந்தில் ஒன்று. மக்கியது முனை மட்டும்தான் என்பதால் கோடுகள் அப்படியே இருக்கின்றன. என்னுடையது அதற்கு அடுத்த கட்டையில்.

இறங்கி வந்து, மணி ஒன்றரை என்றும் பார்க்காமல் தம்பியைக் கூப்பிட்டுக் கூடம் ஒழுகுகிறது என்றேன்.

"எங்கே?" என்றான்.

சொட்டுகிற இடத்தைச் சொன்னேன். ஓட்டை எங்கே என்று இன்னும் தெரியவில்லை என்றேன்.